வெறும் வலையும் விற்காத வாழ்த்து அட்டைகளும்

பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் யாரென்று தெரியவரும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"அன்புள்ள அக்கா, என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். மகளிர் குழுவில் 9,000 ரூபாய் உள்கடன் வாங்கி, கிறிஸ்துமஸுக்குக் கையால் 300 வாழ்த்து அட்டை செய்தேன். ஏ4 ஐவரி தாளை அப்படியே நடுவில் மடித்து, ஜிகினா தூவி, கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒட்டினேன். நவம்பர் மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த வேலை. டிசம்பர் நடுவில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வளைந்து கிடந்தன. மடிப்பு வெடித்திருந்தது, சிப்பிகள் தானாகக் கழன்று விழுந்தன, சிலவற்றில் பழுப்புப் புள்ளி. தேறியவற்றைக் கோயில் வாசலிலும் ராமேஸ்வரத்தில் ஒரு கடையிலும் வைத்தேன். 40 கூட விற்கவில்லை. எல்லாரும் போனிலேயே வாழ்த்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த வேலைக்காக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் இரண்டு ஞாயிறு பூசையை விட்டுவிட்டேன். அதற்குத்தான் ஆண்டவர் தண்டித்தார் என்கிறார் மாமியார். ஜெபக் கூட்டத்து அக்கா ஒருவர், 'இது சோதனை, ஆண்டவர் இரட்டிப்பாகத் தருவார், அடுத்த வருஷம் இன்னும் பெரிசாகச் செய்' என்கிறார். 'இனி உனக்குக் கடன் கிடையாது' என்று குழுத்தலைவி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கணவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் ரொம்ப வலிக்கிறது. காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அட்டை செய்யச் சொல்லிக்கொடு என்று மகள் கேட்டால் எரிச்சல் வருகிறது. ஆண்டவர் என்னிடம் என்ன சொல்கிறார் அக்கா? இதை விட்டுவிடட்டுமா?"

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விக்கு உங்களைச் சுற்றி ஏற்கெனவே இரண்டு பதில் வந்துவிட்டது. ஒருவர் தண்டனை என்கிறார், இன்னொருவர் சோதனை என்கிறார். இரண்டு பேருக்கும் உங்கள் மேல் அக்கறை இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இருவரும் செய்வது ஒரே காரியம்தான். அட்டை வளைந்ததை வைத்து ஆண்டவரின் மனதைப் படிக்கப் பார்க்கிறார்கள். நான் ஆலோசனை சொல்வதைத் தொழிலாகச் செய்பவள், பெண்களுக்குக் காகிதக் கைவேலையும் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் அட்டைக்கு என்ன ஆனது என்று என்னால் ஓரளவு திட்டமாகச் சொல்ல முடியும். அதைத் தண்டனை என்றோ சோதனை என்றோ எழுதிக்கொடுக்க என்னால் முடியாது. யாராலும் முடியாது என்றுதான் நற்செய்தியைப் படித்தால் தெரிகிறது.

லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்துபோன பேச்சு வருகிறது. இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று பதிலையும் அவரே சொல்கிறார். பிறகு மனம் மாறச் சொல்கிறார், அதுவும் கேட்டுக்கொண்டு நிற்கும் எல்லாரையும் பார்த்து. யோவான் 9-இல் பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் கேட்பதும் உங்கள் மாமியார் கேட்பதுதான்: இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்கிறார் ஆண்டவர். நம் கரைக்கே வாருங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது ஆலயமும் அதோடு போயிற்று. இடிந்த சுவர்களை இன்றும் போய்ப் பார்க்கிறோம். அங்கே பூசை கண்டவர்கள் எல்லாம் பெரும் பாவிகள் என்று நம்மில் யார் சொல்கிறோம்?

பூசைக்குப் போகாதது உங்கள் மனதை உறுத்துகிறது என்றால் அது நல்ல உறுத்தல்தான். பங்குத்தந்தையிடம் போய்ப் பாவத்தைச் சொல்லி ஒப்புரவு செய்துகொள்ளுங்கள். ஞாயிறுக்கு ஞாயிறு தவறாமல் போங்கள். அந்தக் காரியம் அங்கே முடிந்துவிடும். அதையும் சிப்பி கழன்று விழுந்ததையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். அப்படி முடிச்சுப் போட்டால் இரண்டு நஷ்டம். சிப்பி ஏன் விழுந்தது என்று கடைசிவரை கற்றுக்கொள்ள மாட்டீர்கள். கடவுளையும் கடன் வசூலிக்க வருபவரைப் போல நினைக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இரட்டிப்புப் பேச்சு எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அது ஆறுதலாகக் கேட்கும். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது உண்மை. ஆனால் அது அவருக்குக் கிடைத்தது. தோற்ற எல்லாருக்கும் அப்படியே கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேதத்தில் எங்கும் இல்லை. எசாயா 49-இல் ஆண்டவரின் ஊழியர், நான் வீணாக உழைத்துவிட்டேன், என் பலத்தையெல்லாம் ஒன்றுமில்லாததற்குச் செலவழித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிறார். அடுத்த வரியில் அவருக்கு லாபம் வரவில்லை. தனக்குரிய நீதி ஆண்டவரிடம் இருக்கிறது என்ற உறுதிதான் வருகிறது. இரட்டிப்பு வரும் என்று நம்பி அடுத்த வருஷம் 600 அட்டைக்குக் கடன் வாங்கினால், அது விசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, தோற்றவர்களிடம் ஆண்டவர் எப்படித்தான் நடந்துகொண்டார்? யோவான் 21-ஐ எடுத்துக்கொள்வோம். நம் கரையில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேதுரு மீன்பிடிக்கக் கிளம்புகிறார், கூட ஆறு பேர். ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன்பாடு இல்லை. விடியும் நேரம் கரையில் ஒருவர் நின்றுகொண்டு, பிள்ளைகளே, மீன் ஒன்றும் படவில்லையா என்று கேட்கிறார். படவில்லை என்கிறார்கள். அவ்வளவுதான் பதில். கரையில் நிற்கும் தெரியாத ஆளிடம் ராத்திரி முழுக்க வெறும் வலை இழுத்தோம் என்று ஒப்புக்கொள்வது தொழிலாளிக்குச் சுலபம் இல்லை. உங்கள் கணவரைக் கேட்டால் சொல்வார். அந்த 'இல்லை'யைச் சொன்ன பிறகுதான் வலது பக்கம் வலை போடச் சொல்கிறார்.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. அந்தப் படகில் இருந்த பேதுரு, தலைமைக்குருவின் வீட்டு முற்றத்தில் மூன்று தரம் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தவர். தன் பாவத்தால்தான் வலை வெறுமையாக வந்தது என்று சொல்ல உலகத்தில் ஒருவருக்கு நியாயம் இருக்குமானால் அது அவருக்குத்தான். அவரும் அப்படிச் சொல்லவில்லை, ஆண்டவரும் சொல்லவில்லை. முதலில் வலையைப் பற்றிப் பேச்சு, 153 பெரிய மீன். பிறகு வாருங்கள், சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறார். அவர்கள் மீனை இழுத்துக் கரை சேர்ப்பதற்கு முன்பே கரியடுப்பில் மீனும் பக்கத்தில் அப்பமும் தயாராக இருக்கின்றன. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்த மூன்று மறுதலிப்புக்கும் மூன்று கேள்வி: நீ என்னை அன்பு செய்கிறாயா? வலை விஷயத்தை வலை விஷயமாகப் பேசினார், மறுதலிப்பைத் தனியாக எடுத்துப் பேசினார். ஒன்றை வைத்து இன்னொன்றைக் குத்திக்காட்டவில்லை. நீங்களும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் பதில்.

லூக்கா 5-இலும் ஒரு வெறும் ராத்திரி உண்டு. ஆண்டவர் ஏரிக்கரைக்கு வரும்போது பேதுருவும் கூட்டாளிகளும் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் படாத வலையையும் அலசித்தான் ஆக வேண்டும், மறுநாள் தொழில் இருக்கிறதே. இன்னொன்றும் கவனியுங்கள். பிறகு படகு முங்கும் அளவுக்கு மீன் படுகிறது, அதையெல்லாம் கரையில் விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விடுகிறார்கள். அந்தப் பெரிய மீன்பாடு அவர்களுக்குக் கொடுத்த இரட்டிப்பு லாபம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி அட்டையை அட்டையாகப் பார்ப்போம். மூன்று இடத்தில் தவறு நடந்திருக்கிறது, மூன்றையும் திருத்த முடியும்.

முதலாவது மடிப்பு. காகிதம் தயாராகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பருமனில்தான் ஊதும். அதனால் தாள் ஒரு பக்கமாக அதிகம் விரியும். தாளை மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. மடிப்பும் அந்த வழியே போக வேண்டும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் இருக்கும். நீங்கள் தாளை அப்படியே நடுவில் மடித்தீர்கள், மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுந்தது. 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) உள்ள கெட்டித் தாளில் அப்படி மடித்தால் வெடிக்கும். அதே தாளை முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் மடிப்பு நார் வழியே வரும். ஒரு தாளுக்கு இரண்டு அட்டை கிடைக்கும், தாள் செலவும் பாதி. மடிப்பதற்கு முன்னால் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலேயே மடிப்பு அழகாகப் படியும்.

இரண்டாவது சிப்பி. கடல் சிப்பியில் உப்பு ஏறியிருக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பசைக்கும் சிப்பிக்கும் நடுவில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் விட்டுவிடும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, பழைய பிரஷால் தேய்த்து, நன்றாக உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும். ஜிகினா தூவிய இடத்தின் மேல் ஒட்டினால் சிப்பி ஜிகினாவோடுதான் ஒட்டும், தாளோடு ஒட்டாது. அந்த இடத்தை மட்டும் வெறும் தாளாக விடுங்கள். தபாலில் போகிற அட்டைக்குச் சிப்பியே வேண்டாம் என்பது என் கருத்து. முத்திரை குத்தும்போது நொறுங்கிவிடும்.

சிப்பி பொறுக்குவதைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது சட்ட விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளத் துண்டு, கடல் விசிறி இவையெல்லாம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. சில சங்கு, சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கரையில் கிடந்தது என்று சொன்னாலும் விற்பனைக்கு வைத்தால் சிக்கல்தான். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் ஒட்டாதீர்கள்.

மூன்றாவது காலம். இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கம் மழை முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வாடைக்காற்று அடிக்கிற அந்த நாளில், கடலோரத்தில், ராத்திரியில் தண்ணீர்ப் பசையை வைத்து வேலை செய்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் பசை ஈரம் குடித்த தாள் வளையாமல் என்ன செய்யும்? அந்தப் பழுப்புப் புள்ளிக்கும் ஈரம்தான் காரணம், பெரும்பாலும் பூஞ்சையாக இருக்கும். கிறிஸ்துமஸ் அட்டையின் வெட்டு, மடிப்பு, ஒட்டு வேலை எல்லாம் ஆகஸ்டு, செப்டம்பருக்குள் முடிய வேண்டும். மழைக்காலத்தில் பெயர் எழுதுவதும் உறையில் போடுவதும் மட்டும் மிஞ்சட்டும். பசையை மெல்லிசாகத் தடவுங்கள். ஒட்டியதை வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி, மறுநாள் வரை எடுக்காதீர்கள். காய்ந்ததும் இறுக்கமாக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள்.

பாருங்கள், நாரும் உப்பும் வாடையும் சேர்ந்து செய்த வேலை இது. பூசைக்கு ஒழுங்காகப் போனவர் செய்திருந்தாலும் அந்த அட்டை வளைந்திருக்கும்.

மீதியுள்ள அட்டைகளில் புள்ளி விழுந்தவற்றை எரித்துவிடுங்கள், நல்லவற்றோடு வைத்தால் பரவும். வளைந்தவற்றில் சிப்பியைப் பெயர்த்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் நீளமாக வெட்டினால் வேதாகமத்தில் பக்கம் குறிக்க வைக்கும் அட்டை ஆகும். கெட்டியான தாள், வீணாக்க வேண்டாம். வெட்டியதைப் பலகைக்கு அடியில் வைத்தால் நிமிரும். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இதுவே ஏற்ற வேலை. அவள் கேட்கும்போது எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது, தோல்வி இன்னும் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த வாரம் என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவள் தன்மேல் தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

விற்பனையைப் பற்றி உங்கள் மனதில் இருப்பது பாதிதான் சரி. போன் வந்ததால் அட்டை செத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பனைக்காக அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவர், நண்பர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லிப் படம் போடவைத்தார். அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். அந்த வேலையைப் போன் இப்போது இன்னும் வேகமாகச் செய்கிறது, அதோடு நம் கை போட்டியிட முடியாது. ஆனால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படும் நாட்கள் சில உண்டு. திருமுழுக்கு, பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, உறுதிபூசுதல், கல்யாணம், குருப்பட்டம், வெள்ளிவிழா. அந்த நாளில் பெயர் எழுதிய ஒரு அட்டையைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். கிறிஸ்துமஸ் அட்டை 300 செய்தது கையின் தவறு இல்லை, நாளைத் தேர்ந்தெடுத்ததில் தவறு. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்புகிறவர்கள் வாங்கலாம், ஆனால் அவர்கள் நவம்பரிலேயே தபாலில் போட வேண்டும். நீங்கள் கடையில் வைத்தபோது அந்த நேரம் போய்விட்டது.

விலைக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அட்டைக்கு 30 ரூபாய் செலவு என்று தாள், உறை, பசை, ஜிகினா எல்லாவற்றையும் போட்டிருக்கிறீர்கள். ராத்திரி கண்விழித்த கூலியைப் போடவே இல்லை, வீணாய்ப் போகும் அட்டைக்கும் ஒரு பங்கு ஒதுக்கவில்லை. கைவேலை செய்யும் பெண்களில் பலர் தங்கள் நேரத்துக்கு விலை போடுவதே இல்லை, அது எனக்கு எப்போதும் மனவருத்தம். அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த அட்டை நமக்குக் கட்டும், எது கட்டாது என்று தெரியும்.

பனை ஓலையை ஏன் யோசிக்கவில்லை நீங்கள்? நம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சம் இல்லை. ஓலைப்பெட்டி முடைகிற அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குருத்து ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை முடையத் தெரியாத பிள்ளை நம் பங்குகளில் குறைவு. அந்தச் சின்ன ஓலைச் சிலுவையை முன்பக்கத்தில் வைத்து ஒரு புதுநன்மை அட்டை செய்தால், சிப்பியைவிட எடை குறைவு, உப்பும் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, நிழலில் உலர்த்தி, கனம் ஏற்றி வைத்தால் சுருளாது. ஏட்டுச்சுவடிக்கு ஓலை பதப்படுத்தியவர்களும் இப்படிக் கொதிக்கவைத்து உலர்த்தித்தான் எடுத்தார்கள்.

அப்புறம் குழு. எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னது சரியில்லை, தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பணம் மற்ற பெண்களின் சேமிப்பு, தலைவிக்கும் பயம் இருக்கும். அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து, சீடர்கள் சொன்னது போல உள்ளதைச் சொல்லுங்கள்: இத்தனை செய்தேன், இத்தனை விற்றது, இவ்வளவு பாக்கி. தவணையை நீட்டிக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஓடாது. அந்த இரண்டு மாதத்துக்குச் சின்னத் தொகையும் அதற்குப் பிறகு கொஞ்சம் கூடுதலும் வருகிற மாதிரி எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் கடனை அடைக்க வட்டிக்காரரிடம் மட்டும் போய்விடாதீர்கள், தாலிச்செயினையும் வைக்காதீர்கள்.

வேதாகமத்தின் திருத்தூதர் பணிகள் நூலில், மாற்கு என்ற யோவான் நற்செய்திப் பயணத்தின் பாதியில் பவுலையும் அவர் கூட்டாளி பர்னபாவையும் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறார். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிப்போக மாட்டேன் என்று பவுல் அடம்பிடிக்க, பர்னபாவுக்கும் பவுலுக்கும் சண்டையே வந்து பிரிந்துபோகிறார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பல் ஏறுகிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முடிவில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவர் எனக்குப் பயன்படுவார் என்று கேட்பவரும் அதே பவுல்தான். நடுவில் வருஷங்கள் ஓடிவிட்டன. குழுத்தலைவி இன்று உங்களை நம்பவில்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். குழுவில் பர்னபா மாதிரி ஒருவராவது இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள்.

இந்த மாதம் ஓரியூர்த் திருவிழாவுக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே போதித்த குரு அருளானந்தரின் வரலாறு நமக்கெல்லாம் சிறு வயதிலிருந்தே தெரியும். 1686-இல் மறவர் நாட்டில் (அன்றைய ராமநாதபுரம் சீமை) பிடித்து வதைத்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று வெளியேற்றினார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அன்று யாராவது கணக்குப் பார்த்திருந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள். திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 1947-இல். அவருடைய சாவையும் உங்கள் அட்டை நஷ்டத்தையும் நான் ஒப்பிடவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம் இரட்டிப்புப் பேச்சுதான். அவர் இரத்தம் சிந்திய ஓரியூரின் செம்மண்ணை எடுத்துக் கும்பிடுகிற நாம், உண்மையாக உழைத்தால் உடனே பலன் கண்ணுக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கணவரின் மௌனத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தே கலங்கியிருக்கிறது. அந்த மௌனத்துக்கு நீங்களாகவே ஒரு பொருள் வைத்துக்கொண்டீர்கள். வெறும் படகோடு கரைக்கு வந்த நாட்கள் அவருக்கும் எத்தனையோ இருந்திருக்கும். அந்த நாளில் வீட்டில் யாராவது துருவித் துருவிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே கேட்காமல் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தொழிலுக்குப் போகாத ஒரு நாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, "எனக்கு இது ரொம்ப வலிக்குது, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். கடன் தவணைக் கணக்கையும் அன்றைக்கே அவர் முன்னால் வையுங்கள்.

காலையில் எழ மனம் வரவில்லை என்ற வரியை நான் லேசாகக் கடந்து போகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். ஜெபம் குறைந்ததற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்குப் போன் போடுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்க்க ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

விட்டுவிடட்டுமா என்று கேட்டீர்கள். பெரிய எண்ணிக்கையில் கடன் வாங்கிச் செய்வதை விட்டுவிடுங்கள். அட்டை செய்வதை விட வேண்டாம். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் வரைந்திருந்த அந்தப் படகுக் கோடு ஒன்றே போதும், கைக்கு வேலை தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் மீதமிருக்கும் தாளிலேயே ஓலைச் சிலுவை வைத்துப் பத்து மாதிரி அட்டை செய்யுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அவற்றை ஒரு வாரம் வெளியில், கடற்காற்றில் வைத்துப் பாருங்கள். வளையாமல் நின்றால் அதை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடமும் மறைக்கல்வி சொல்லித்தரும் அருட்சகோதரிகளிடமும் போய், இந்த வருஷம் புதுநன்மை எப்போது, எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பெற்றோரிடம் பாதி முன்பணம் வாங்கிய பிறகே தாள் வெட்டுங்கள். பிள்ளைகளின் பெயரை வாய்ச்சொல்லாகக் கேட்டு எழுதாதீர்கள். பெற்றோரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் ஒன்றுமாக இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய.